நம் உடலைப் பற்றிய கேள்வியை யார் கேட்பது? எச்.ஐ.வி. தடுப்பு, இனப்பெருக்க நல ஆய்வுகள், தலித் பெண்கள்

அரியலூர் மாவட்டத்தின் ரெட்டிபாளையத்தைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உள்ளன. கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் அந்தச் சாலைகளில் ஓடுகின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டங்களில் நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர்களுக்கும் இடம்பெயரும் தொழிலாளர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. அவர்களின் மனைவியருக்கு அப்படியொரு பிரிவு இல்லை. அந்தப் பெண் கருவுற்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும்போதுதான் பெரும்பாலும் முதன்முறையாக அவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யப்படுகிறது. கருவைச் சுமப்பவராக மட்டுமே அரசின் கண்ணுக்கு அவர் தெரிகிறார்.

இத்திட்டங்கள் மக்களை நடத்தையை வைத்தும் தொழிலை வைத்தும் பிரிக்கின்றன. சாதியை வைத்துப் பிரிப்பதில்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பெரம்பலூர் மாவட்டத்தில் அவர்கள் பத்தில் மூவர். அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருப்போர், கூலிக்காக ஊர்விட்டு ஊர் செல்வோர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகிய வரிசைகளில் அவர்கள் மிகுதி. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி வந்தால் சிகிச்சை வரும். கூடவே கள ஆய்வுகளும் வரும். கையில் படிவத்தோடு வருபவரிடம் நம் பெண்கள் என்ன கேட்க வேண்டும் என்பதை வரலாற்றிலிருந்தும் சட்டத்திலிருந்தும் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்புதல் கேட்கப்படாத உடல்கள்

மருத்துவ ஆய்வு ஒடுக்கப்பட்டோரின் உடலில் தொடங்கி, அதன் பயன் மற்றவர்களைச் சென்றடைந்த வரலாறு நீண்டது. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்கா, பெட்சி, லூசி உள்ளிட்ட அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்து கொடுக்காமலேயே திரும்பத் திரும்ப அறுவை செய்து தம் முறையை உருவாக்கினார். அதே மாநிலத்தின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, கருப்பின ஆண்களின் மேக நோய் எப்படி முற்றுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தது. பென்சிலின் கிடைத்த பிறகும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. அவர்களுடைய மனைவியரில் பலருக்கும் நோய் தொற்றியது.

நம் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறு, தொற்று இருப்பதைக் காட்டின. அந்த ரத்தம் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களுடையது. எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் கூறியுள்ளார். அந்தக் கண்டுபிடிப்பு நாட்டின் எய்ட்ஸ் தடுப்புப் பணிக்கு அடித்தளமானது. எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் தொற்று இருப்பதாக அறியப்பட்ட பெண்கள் அதன் பேரிலேயே காப்பகத்தில் தொடர்ந்து அடைத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில் 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே விடுதலை கிடைத்தது. அறிவியலுக்கு ரத்தம் தந்தவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு சிறை.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2009இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி ‘செயல்விளக்கத் திட்டம்’ என்ற பெயரில் சிறுமியருக்குப் போடப்பட்டது. அவர்களில் பலர் பழங்குடிச் சிறுமியர், விடுதி மாணவியர். ஏழு சிறுமியர் இறந்ததையடுத்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமன்று என்று அரசின் விசாரணை கூறியது. ஆனால் ஒப்புதல் பெறப்பட்ட விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு மட்டுமே இருந்தது. 2,763இல் விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்டிருந்தார். பெற்றோருக்குரிய உரிமையை, சாப்பாடு போடும் நிர்வாகம் எடுத்துக்கொண்டது.

தடுப்பூசி நல்லதா கெட்டதா என்ற கேள்வியை இதனோடு குழப்பக் கூடாது. நல்ல மருந்தையும் கேட்டுத்தான் தர வேண்டும்.

ஆராயப்பட்டவர்கள் ஆய்வாளரானபோது

இந்த வரலாற்றுக்கு எதிர்வினையாக எழுந்ததே சமூகம் சார்ந்த ஆய்வு முறை. எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது, முடிவை யாருக்குச் சொல்வது ஆகிய மூன்றிலும் ஆராயப்படும் மக்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

1994இல் சிகாகோவில் கூடிய பன்னிரண்டு கருப்பினப் பெண்கள் ‘இனப்பெருக்க நீதி’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். குழந்தை வேண்டாம் எனச் சொல்லும் உரிமை மட்டும் போதாது. குழந்தை பெறும் உரிமையும், பெற்ற குழந்தையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமையும் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு, சான் பிரான்சிஸ்கோவின் ஒரு கருப்பினக் குடியிருப்பில் 128 இளம் பெண்களிடையே டிக்ளமென்டி, விங்குட் ஆகியோர் நடத்திய எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வின் முடிவு வெளியானது. துண்டறிக்கை கொடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கருப்பினப் பெண் ஒருவரே நடத்திய ஐந்து அமர்வுகளில், தம் இனத்தின் மீதும் பெண்மையின் மீதும் பெருமிதம் கொள்வது, துணைவரிடம் ஆணுறை பற்றிப் பேசுவது, வேண்டாம் என்று சொல்வது ஆகியவை பயிற்றுவிக்கப்பட்டன. பங்கேற்ற பெண்களிடம் ஆணுறைப் பயன்பாடு கூடியிருந்தது.

அதற்கும் முன்பே தமிழகத்தில் இந்தப் பாதை போடப்பட்டுவிட்டது. 1981இல் செங்கல்பட்டுப் பகுதியில் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து ‘ரூவ்செக்’ என்று அறியப்படும் ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். பொருளியல் அறிஞர் டி.கே. சுந்தரி ரவீந்திரனைத் தவிர மற்ற பன்னிருவரும் அந்தப் பகுதிக் கிராமங்களின் தலித் பெண்கள். அவர்கள் சுகாதாரப் பணியைத் தம் குடியிருப்புகளிலிருந்து தொடங்கினார்கள். தம் மக்களின் பேறுகாலம், கருத்தடை, கருக்கலைப்பு, குடும்ப வன்முறை ஆகியவற்றை ஆவணப்படுத்தினார்கள்.

சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் 66 பெண்களிடமும் அவர்களின் கணவர்களில் 44 பேரிடமும் பேசி எழுதிய ஆய்வு 2004இல் வெளியானது. கருக்கலைப்பு ஏன் நடக்கிறது என்பதற்குக் கருத்தடை பற்றிய அறியாமை என்று அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் விடையோடு அது நிற்கவில்லை. மனைவியின் விருப்பமின்றி நடக்கும் உடலுறவும், கணவரிடம் மறுப்புச் சொல்ல முடியாத நிலையும் வேண்டாத கருவுக்குப் பின்னால் இருப்பதை அது காட்டியது. கருக்கலைப்புக்குச் சம்மதிக்கும் குடும்பம், பெண் உடலுறவுக்கு மறுப்பதைச் சம்மதிப்பதில்லை.

எச்.ஐ.வி. தடுப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. மறுப்புச் சொல்ல முடியாத வீட்டில் ஆணுறையைப் பற்றி எப்படிப் பேசுவது? கணவரிடமிருந்து தொற்றுக்கு ஆளான பெண்களின் அனுபவத்திலிருந்துதான், 1998இல் கௌசல்யா பெரியசாமி உள்ளிட்டோர் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களின் கூட்டமைப்பைத் தமிழகத்தில் உருவாக்கினார்கள்.

ரூவ்செக் ஆய்வு வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 29 அன்று, கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்காக ‘வன்புணர்வு’ என்ற சொல் திருமணத்துக்குள் நிகழும் வன்புணர்வையும் உள்ளடக்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவியல் சட்டத்தில் அந்த விதிவிலக்கு இன்னும் நீடிக்கிறது. நீதிமன்றம் ஏற்பதற்கு வெகு முன்பே கிராமத்துப் பெண்கள் அதைச் சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்தது என்பதே காரணம்.

சட்டம் தரும் பிடிமானம்

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம், 2017, நம் கையிலுள்ள முதன்மையான கருவி. அதன் 5ஆம் பிரிவின்படி, விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் எவருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவரைச் சிகிச்சைக்கோ ஆய்வுக்கோ உட்படுத்தக் கூடாது. அந்த ஒப்புதல் வற்புறுத்தலோ ஏமாற்றோ இல்லாமல் பெறப்பட வேண்டும். நன்மை தீமைகளையும் மாற்று வழிகளையும் அவருக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் வைத்த கைநாட்டு இச்சட்டத்தின் பார்வையில் ஒப்புதல் ஆகாது.

6ஆம் பிரிவில் சில விதிவிலக்குகள் உண்டு. பெயர் அடையாளமற்ற கண்காணிப்புக் கணக்கெடுப்புக்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. ஆனால் அதன் நோக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 8ஆம் பிரிவு, ஒருவரின் தொற்று நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இன்னொரு பிடிமானம். ஊர்த் தலைவர் அனுமதி தந்தாலும் அது தனி ஒருவரின் ஒப்புதலுக்கு மாற்றாகாது என்று அவை சொல்கின்றன. ஆதிக்கச் சாதியினர் ஊர்ப் பெரியவர்களாக இருக்கும் இடங்களில் இந்த ஒரு வரியின் மதிப்பு பெரிது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது நடுநிலைச் சாட்சி இருக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறை. நெறிமுறைக் குழுவில் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும்.

அந்தப் பொதுமக்களில் ஒருவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை நெறிமுறை கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

படிவத்தோடு வருபவரிடம் கேட்க வேண்டியவை

1. ஆய்வை நடத்துவது யார்? பணம் யாருடையது? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது?

2. படிவம் தமிழில் உள்ளதா? முழுவதும் படித்துக் காட்டுவீர்களா? எனக்கு ஒரு நகல் தருவீர்களா?

3. மறுத்தாலோ பாதியில் விலகினாலோ எனக்குரிய சிகிச்சையோ வேலையோ உதவித் திட்டமோ பாதிக்கப்படுமா?

4. கேள்விகளை எங்கே கேட்பீர்கள்? மாமியாரும் பக்கத்து வீட்டாரும் இருக்கும் இடத்திலா, தனியிடத்திலா? என் விடைகளையும் சோதனை முடிவையும் யார் பார்ப்பார்கள்?

5. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு?

6. முடிவை எங்கள் தெருவுக்கு வந்து எப்போது சொல்வீர்கள்?

ஆறாவது கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். அதற்கு விடை இல்லாத ஆய்வு, நம்மிடமிருந்து எடுத்துச் செல்வதற்காக மட்டுமே வந்தது.

நாம் கோருவது

ஆய்வே வேண்டாம் என்று கதவை அடைப்பது நமக்கு வழியன்று. எண்ணப்படாதவர்களுக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை. ஆராயப்படாத வலிக்கு மருந்தும் வருவதில்லை. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகளை அரசே மக்களுக்கு வழங்க வேண்டும் என்ற தீர்மானத்தை அண்ணல் அம்பேத்கரின் சார்பில் பி.ஜே. ரோஹம் கொண்டுவந்தார். பெண்ணின் உடல்நலம் விடுதலை அரசியலின் பகுதி என்பது நம் மரபில் புதிதன்று.

எனவே நாம் கேட்பது மூன்று. எச்.ஐ.வி., இனப்பெருக்க நல ஆய்வுகள் தம் தரவுகளைச் சாதிவாரியாக, தனிநபர் அடையாளம் வெளிப்படாமல் வெளியிட வேண்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுக்களில் தலித் பெண்கள் உறுப்பினராக வேண்டும். குடியிருப்புகளில் ஆய்வு நடத்துவோர் அந்தக் குடியிருப்புப் பெண்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் தந்து, கேள்விகளை வகுப்பதிலிருந்தே அவர்களைச் சேர்க்க வேண்டும்.

செங்கல்பட்டில் பன்னிரண்டு தலித் பெண்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பு செய்து காட்டியது அரியலூரிலும் பெரம்பலூரிலும் முடியாததன்று. ரெட்டிபாளையத்தின் லாரிச் சாலையோரம் வாழும் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றி நிறையத் தெரியும். அடுத்த படிவத்தின் முதல் கேள்வியை எழுதும் இடத்தில் அவரும் இருக்க வேண்டும்.