படுக்கையிலிருந்து எழுந்த முதியோர்

"இறங்கினால் விழுந்துவிடுவீர்கள், படுத்தே இருங்கள் அப்பா." அன்பினால்தான் இப்படிச் சொல்கிறோம், நேயர்களே. அந்த அன்பே முதியவரை முடக்கிவிடவும் கூடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் சான்று உண்டு.

1935ஆம் ஆண்டு. லண்டனை அடுத்த ஐல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, ஆதரவற்ற ஏழைகளைத் தங்கவைத்த விடுதியின் நோயாளர் பிரிவையும் தன் பொறுப்பில் ஏற்றது. மொத்தம் 714 நோயாளிகள். பெரும்பாலோர் முதியோர், இனிக் குணமாகமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார்.

பலரை நோயைவிடப் படுக்கையே அதிகம் முடக்கியிருந்தது. அசையாமல் கிடந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், படுக்கைப்புண் வரும். அவர்களை எழுப்பி உட்காரவைத்தார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். 1943இல் இம்முறையை அவர் மருத்துவ இதழில் விளக்கி எழுதினார். முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர அது வழிவகுத்தது.

மருத்துவமனை நடக்கப் பழக்கினாலும், வீட்டில் கைகொடுக்க ஆள் வேண்டுமே! தாய் தந்தையர் மருத்துவமனையில் இருக்கும்போதே, அவர்களைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, கழிவறைக்கு எப்படி அழைத்துச் செல்வது என்பதைத் தாதியரிடம் கேட்டுப் பழகுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். வழுக்கும் கால்மிதியை அகற்றுங்கள். பிறகு, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு, விழாதபடி அவர்கள் அருகிலேயே நடந்து வாருங்கள்.