வின்ஸ்லோவின் கொள்ளுப்பேரர்கள்

எங்கள் நங்கநல்லூரில் அமெரிக்காவுக்கு ஒரு தடவையேனும் போய் வந்த பெரியவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பிள்ளையோ பெண்ணோ வாஷிங்டன் பக்கம் குடியிருந்தால், அவர்கள் போய் இறங்குகிற விமான நிலையத்தின் பெயர் டல்லஸ். 1953 முதல் 1959 வரை ஐஸன்ஹோவர் சர்க்காரில் வெளிநாட்டு மந்திரியாக இருந்த ஜான் பாஸ்டர் டல்லஸின் ஞாபகார்த்தமாக அந்தப் பெயர் வைத்து, 1962-ல் அதைத் திறந்தார்கள். அந்த மனிதரின் குடும்பத்துக்கும் நம் சென்னைப் பட்டணத்துக்கும், தமிழ் மொழிக்கும்கூட, உறவு உண்டு என்பது பலருக்குத் தெரிந்திராது.

மைரன் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பாதிரியார் 1819-ல் தம் நாட்டை விட்டுக் கிளம்பி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். உடுவிலில் அவருடைய மனைவி ஹாரியட் அம்மையார் 1824-ல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. அந்த அம்மாள் 1833-ல் காலமானார். 1836-ல் வின்ஸ்லோ சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஜோஸப் நைட் என்ற பாதிரியார் தொடங்கி, முடிக்காமல் இறந்துபோன ஓர் அகராதி வேலையை எடுத்துக்கொண்டு, தமிழ்ப் புலவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபது வருஷங்களுக்கு மேல் உழைத்தார். 1862-ல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து அவருடைய தமிழ்-இங்கிலீஷ் அகராதி வெளிவந்தது. அதில் 67,000 சொற்களுக்கு மேல் இருந்தன.

அப்போது அவருடைய நாட்டில் வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. அடிமை வியாபாரத்தில் ஊறிப்போன தென் மாகாணங்கள் பிரிந்து போக, உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. வின்ஸ்லோ அந்தப் போரின் முடிவைப் பார்க்கவில்லை. 1864-ல், ஊர் திரும்பும் வழியில், தென்னாப்பிரிக்காவில் உயிர் நீத்தார்.

அவருடைய மகளை மணந்தவர் ஜான் வெல்ஷ் டல்லஸ். அவரும் பாதிரியார்; சென்னையில் சில வருஷங்கள் ஊழியம் பார்த்துவிட்டுப் போய், 1855-ல் இந்திய வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இவருடைய மகன் வயிற்றுப் பேரன்கள்தாம் ஜான் பாஸ்டரும் ஆலனும். தம்பி ஆலன் வாலிபத்தில் அலகாபாத் வந்து ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். அண்ணன் வெளிநாட்டு மந்திரியான அதே 1953-ல் தம்பி சி.ஐ.ஏ.வின் தலைவரானார். ஒரு வல்லரசின் வாயும் மறைவான கையும் ஒரே வீட்டுக்குச் சொந்தமாயின.

அந்த வருஷமே பாரசீகத்தில் மொஸாதெக்கின் சர்க்கார் கவிழ்ந்தது. எண்ணெய்க் கிணறுகளைத் தேசத்தின் சொத்தாக்கியது அவர் செய்த குற்றம். மறு வருஷம் குவாதமாலாவில், பயிரிடாமல் கிடந்த நிலத்தை ஏழைக் குடியானவர்களுக்குப் பங்கிட்ட அர்பென்ஸ் விரட்டப்பட்டார். தரிசாகக் கிடந்த அந்த நிலத்தில் ஒரு பகுதி ஓர் அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியினுடையது. இரண்டிலும் சி.ஐ.ஏ.வின் கை இருந்ததை அமெரிக்கச் சர்க்காரின் தஸ்தாவேஜுகளே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டன. எந்தப் பக்கமும் சேராமல் இருந்த நேருவின் இந்தியாவுக்கும் அண்ணன் டல்லஸின் உபதேசம் கிடைத்தது. நடுநிலைமை என்பது மிக அபூர்வமான சந்தர்ப்பங்கள் தவிர ஒழுக்கக் கேடு என்று 1956-ல் சொன்னார்.

நாவல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சமாசாரம் வேறொன்று. அந்தக் காலத்தில் உலகமெங்கும், சென்னையிலும்தான், அமெரிக்கச் சர்க்கார் நூல்நிலையங்கள் நடத்தி வந்தது. 1953-ல் ஸெனட்டர் மெக்கார்த்தியின் கூச்சலுக்குப் பயந்து, சந்தேகத்துக்குரிய ஆசிரியர்களின் நூல்களை வெளிநாட்டு நூல்நிலையங்களிலிருந்து எடுத்துவிடும்படி டல்லஸின் இலாகா உத்தரவு அனுப்பியது. அகப்பட்டவர்களில் ஒருவர் துப்பறியும் நாவலாசிரியர் டாஷியல் ஹாமெட். இரண்டு உலக யுத்தங்களிலும் அமெரிக்க ராணுவத்தில் பணி செய்தவர் அவர். மெக்கார்த்தி அவரை விசாரணைக்கு அழைத்து, கம்யூனிஸத்தோடு போராடுகிற நீங்கள் கம்யூனிஸ்டுகளின் நூல்களை வாங்கி வைப்பீர்களா என்ற பாவனையில் கேட்டார். அப்படிப் போராடுகிறவனாக இருந்தால் ஜனங்களுக்குப் புத்தகமே கொடுக்கமாட்டேன் என்று ஹாமெட் பதில் சொன்னார்.

சில இடங்களில் நூல்களை எரித்தும் விட்டார்கள். அதை டல்லஸே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. புத்தகம் கொளுத்துகிறவர்களோடு சேராதீர்கள் என்று ஜனாதிபதி ஐஸன்ஹோவர் ஜூன் 14-ந் தேதி டார்ட்மத் கல்லூரி மாணவர்களிடம் சொன்னார். பிறகு உத்தரவு தளர்ந்தது. ஹாமெட்டின் நாவல்கள் அலமாரிக்குத் திரும்பின.

வின்ஸ்லோ நடுநிலையாளர் அல்லர். நம்மை மதம் மாற்றத்தான் வந்தார். அகராதியும் அந்த வேலைக்குத் துணையாகத்தான் தொடங்கியது. ஆனாலும் அகராதி செய்கிறவனுக்கு ஒரு கட்டாயம் உண்டு. தனக்குப் பிடிக்காத சொல் என்று ஒன்றை அவன் ஒதுக்க முடியாது. அந்தப் பாதிரியார் எந்தத் தெய்வங்களைப் பொய் என்று பிரசங்கம் செய்தாரோ, அந்தத் தெய்வங்களின் பெயர்களுக்கும், எந்த ஜோசியத்தை மூடநம்பிக்கை என்றாரோ, அதன் சொற்களுக்கும் தம் நூலில் இடம் கொடுத்தார். பண்டிதர் தமிழோடு பாமரர் தமிழையும் சேர்த்தார். கொள்ளுப்பேரனின் இலாகாவோ முதலில் ஆளைப் பார்த்தது, அப்புறம்தான் நூலைப் பார்த்தது. நம்மவனா எதிரியா என்று கேட்டுப் புத்தகத்தைத் தள்ளுகிற அதே மனம்தான், அதே கேள்வியைக் கேட்டு ஒரு தேசத்தின் சர்க்காரையும் தள்ளுகிறது.

தம்பி ஆலனை, கியூபா படையெடுப்பு தோற்ற பிறகு, 1961-ல் கென்னடி பதவியிலிருந்து போகச் செய்தார். 1963-ல் கென்னடி சுடப்பட்டு இறந்தபோது, அந்தக் கொலையை விசாரித்த வாரன் கமிஷனில் ஆலனும் ஓர் அங்கத்தினர். 888 பக்க அறிக்கை வெளிவந்தது. அதை இன்றுவரை நம்பாத அமெரிக்கர்கள் ஏராளம்.

கொள்ளுத்தாத்தாவின் நூலுக்கு அந்தக் கதி நேரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதிக்கு அதுவே அடித்தளம். இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டலாம்.

அலமாரியிலிருந்து எடுத்த புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். கவிழ்த்த சர்க்காரை அப்படித் திரும்ப வைக்க முடியவில்லை. குவாதமாலாவில் 1960-ல் மூண்ட உள்நாட்டுப் போர் 1996 வரை ஓயவில்லை. இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாயா இனத்துக் குடியானவர்கள். அவர்களுடைய பாஷைகளிலும் பண்டிதர் சொல் என்றும் பாமரர் சொல் என்றும் இருந்திருக்கும். உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள அங்கே ஒரு வின்ஸ்லோவை அனுப்பியிருக்கலாம்.