தக்காளி சொன்ன உண்மையும் சோயா மறைத்த உண்மையும்

மரபணு மாற்றம் செய்யப்பட்ட உணவு என்றதும் நம்மவரிடையே இருவிதமான பேச்சே எழுகின்றது. அது நஞ்சு என்பார் ஒரு சாரார். பசிப்பிணி தீர்க்க வந்த வரம் என்பார் மறுசாரார். கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்தவற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், நுகர்வோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி வேறொன்று என்பது புலனாகும்.

கடைக்கு வந்த முதல் மரபணு மாற்றிய முழு உணவு ஒரு தக்காளி. அமெரிக்காவின் கல்ஜீன் நிறுவனம் உருவாக்கிய அதன் பெயர் 'ஃபிளேவர் சேவர்'. பழத்தை மென்மையாக்கும் நொதியத்தின் உற்பத்தியைக் குறைத்து, பல நாள் கெடாமல் இருக்கும்படி அதைச் செய்திருந்தார்கள். 1994 மே 18 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி வழங்கியது. தன் பிறப்பை மறைக்காமலேயே அந்தத் தக்காளி விற்பனையானது. செலவு கட்டுப்படியாகாமல் 1997 அளவில் சந்தையை விட்டு மறைந்தது.

1996 பெப்ரவரியில் பிரித்தானியாவின் இரு பெரும் அங்காடி நிறுவனங்கள், மரபணு மாற்றிய தக்காளியின் விழுதை ரின்களில் அடைத்து விற்றன. அவ்விபரம் சுட்டுத்துண்டில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. சாதாரண விழுதும் அருகிலேயே இருந்தது. விலை மலிவாயிருந்ததால் மக்கள் இதை விரும்பி வாங்கினார்கள். அறிந்தே வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து களைகொல்லியைத் தாங்கும் சோயா ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அது சாதாரண சோயாவுடன் கலந்தே வந்தது. பாணிலும் பிஸ்கற்றிலும் அது இருந்ததா என்று அறிய மக்களுக்கு வழியிருக்கவில்லை. 1998 ஒகஸ்டில் ஸ்கொத்லாந்து ஆய்வாளர் ஆர்பாட் புஸ்தாய், மரபணு மாற்றிய உருளைக்கிழங்கை உண்ட எலிகள் பாதிப்புற்றதாகத் தொலைக்காட்சியில் கூறினார். அவ்வாய்வு குறைபாடுடையது என 1999 இல் றோயல் சங்கம் அறிவித்தது. அந்தக் கிழங்கு எக்கடையிலும் விற்கப்பட்டதுமில்லை. எனினும் மூண்ட அச்சத்தில் 1999 இல் தக்காளி விழுதும் அலுமாரிகளிலிருந்து இறக்கப்பட்டது. உண்மை சொன்ன தக்காளி, சொல்லாத சோயாவுக்காகவும் தண்டனை பெற்றது.

2000 செப்டெம்பரில் அமெரிக்காவில் மற்றொரு சம்பவம். கால்நடைத் தீவனத்துக்கு மாத்திரம் அனுமதிக்கப்பட்ட 'ஸ்ரார்லிங்க்' சோளம் மனித உணவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வாமை ஏற்பட்டதாக முறையிட்ட 28 பேரை அரசு ஆராய்ந்தது. அச்சோளமே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால், வயலிலும் களஞ்சியத்திலும் கலந்துவிட்ட தானியத்தைப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை உலகம் கண்டது.

இலங்கை இவ்வேளையில் துணிச்சலான ஓர் அடியை எடுத்து வைத்தது. 2001 மே முதலாந் திகதி தொடக்கம் இத்தகைய உணவின் இறக்குமதிக்குத் தடை என அறிவித்தது. உலக வர்த்தக விதிகளும் அமெரிக்காவின் எதிர்ப்பும் குறுக்கே வந்தன. தடை செப்டெம்பருக்குத் தள்ளிப்போய், பின்னர் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. சிறியதொரு நாடு தன் மக்களின் தட்டில் எது விழவேண்டும் என்று தானே தீர்மானிக்க இயலாமற் போனது வருந்தத்தக்கதே. பின்னர் 2006 இல் வெளியான ஒழுங்குவிதிகள் 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அவை தடை விதிக்கவில்லை. இவ்வுணவுகளுக்கு முன்அனுமதியும் சுட்டுத்துண்டும் கட்டாயம் என்றன.

இன்று உலகெங்கும் பரந்து வாழும் நம்மவர்க்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மூலப்பொருளில் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். கனடாவில் அது கட்டாயமல்ல. அமெரிக்கா 2016 இல் சட்டம் இயற்றி, 2022 ஜனவரி முதல் அதைக் கட்டாயமாக்கியது. ஆயினும் மாற்றிய மரபணுவைச் சோதனையில் கண்டறிய முடியாத சுத்திகரித்த எண்ணெய், சீனி போன்றவற்றுக்கு அதன் விதிகள் விலக்களித்தன. ஆகவே, சுட்டுத்துண்டில் ஒன்றும் இல்லை என்பதால் உள்ளேயும் ஒன்றும் இல்லை என்று கொள்ளலாகாது. சோயா, சோளம், கனோலா, பருத்திவிதை ஆகியவற்றிலிருந்து வந்தவற்றையே முதலில் உற்று நோக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சந்தையிலுள்ள மரபணு மாற்றிய பயிர்கள் ஏனையவற்றைவிட உடல்நலத்துக்கு அதிக ஆபத்தானவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2016 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் விரிவான அறிக்கை கூறியது. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்பதும் அறிவியலாளர் ஏற்ற நெறியே.

அச்சம் ஒரு புறமிருக்க, அறியும் உரிமை வேறு. பொருள் பாதுகாப்பானதாயின் அதன் பெயரைச் சொல்ல விற்பவர் ஏன் தயங்கவேண்டும்? 1996 இல் மலிவான விழுதை வாங்கிய பிரித்தானியர், உண்மையைச் சொன்னால் மக்கள் ஓடிவிடமாட்டார்கள் என்பதை அன்றே காட்டிவிட்டார்கள்.