அச்சு தேய்ந்தால் வண்டில் சொல்லாது



வெள்ளாமை வெட்டுத் தொடங்கிவிட்டால் கல்முனை, சம்மாந்துறை வீதிகளில் நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகள்தான் கண்ணில் படும். அந்தப் பெட்டியின் அடியில் கிடக்கும் அச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு.

எங்கள் மூத்தவர்கள் வட்டைக்குப் போனது மாட்டு வண்டிலில். மரச் சக்கரம், இரும்புப் பட்டம், இரும்பு அச்சு, கழராமல் காக்கக் கடையாணி. பயணத்துக்கு முன்னர் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை பூசுவார்கள். மை காய்ந்தால் வண்டில் கிரீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரத்து நீரோடு வயல் பெருகியது. உழவு மெசின்களும் வந்தன. பின்னர் வந்த இரு சக்கர மெசினுக்கு நாம் இன்றும் சொல்லும் 'லேண்ட் மாஸ்டர்' என்பது ஒரு பிரித்தானியக் கம்பனியின் பெயர். வண்டில் போய்ப் பெட்டி வந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த அன்று காயப்பட்டோரையும் ஜனாஸாக்களையும் சுமந்தவற்றில் இந்தப் பெட்டிகளும் இருந்தன.

ஆனால் மை பூசிய பழக்கம் வண்டிலோடு போய்விட்டது. பெயாரிங் மூடிக்குள் மறைந்திருக்கிறது. தேய்ந்தாலும் எளிதில் சத்தம் கேட்காது. மேலை நாடுகளில் குடும்பத்தோடு தங்கிப் பயணிக்கும் இழுவை வண்டிகள் பலவற்றில் அச்சுக் குழாய்க்குள் ரப்பர் வைத்து அதிர்ச்சியைத் தாங்க வைக்கிறார்கள். அந்த ரப்பர் தளர்ந்தால் பெரும்பாலும் அச்சையே முழுதாக மாற்றுவார்கள். எங்கள் பெட்டிகள் பலவற்றில் ரப்பருமில்லை, வில்லுமில்லை. குழியில் விழும் ஒவ்வொரு அடியையும் அச்சே வாங்குகிறது. நாமோ வெடித்த அச்சுக்கு வெல்டிங் ஒட்டி இன்னொரு போகம் ஓட்டப் பார்க்கிறோம்.

2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய பெட்டி வெள்ளத்தில் கவிழ்ந்ததை யாரும் மறக்கவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அது வெள்ளத்தின் வேகம். அச்சின் குறையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெட்டி நெல்லுக்குச் செய்தது, பிள்ளைகளுக்கல்ல என்பதை அன்று கற்றோம்.

போகம் தொடங்குமுன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை உயர்த்தி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங்கைப் பாருங்கள். கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டுக் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் கிறீஸ் இல்லை, அல்லது பெயாரிங் போய்விட்டது. அச்சே தேய்ந்திருந்தால் ஒட்ட வேண்டாம், மாற்றுங்கள். மூத்தவர்கள் மை பூசியதும் இதற்காகத்தான்.