அடித்தோலின் பயணம்

ராணிப்பேட்டை டேனரிகளுக்கு உப்புப் படிந்த மாட்டுத்தோலும் எருமைத்தோலும் லாரியில் வந்து இறங்கும். ஊறப்போட்டு, சுண்ணாம்பில் வைத்து, மயிரும் சதையும் எடுத்த பிறகு குரோமிய உப்புக் கரைசலோடு பெரிய மர டிரம்மில் சுழலவிடுவார்கள். வெளியே எடுக்கும்போது தோல் வெளிர்நீலத்தில், சொட்டச் சொட்ட இருக்கும். வெல்டிங் கிளவுஸ் பிறப்பது அந்த நீலத்தில்தான்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது நம் ஊரின் பழைய கைத்திறன். ஆனால் அப்படிப் பதனிட்ட தோல் 80 டிகிரி வெந்நீர் பட்டாலே சுருங்கிவிடும். நன்றாகக் குரோமியம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைக் கொண்டுவரப் பாடுபட்டார். வெல்டரின் கைக்குக் குரோம் தோலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இந்தச் சூடு தாங்கும் குணமே. அதற்கு விலை கொடுத்தது, டேனரிக் கழிவுநீர் கலந்த பாலாறு. வேலூர் மாவட்ட மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் எத்தனையோ கிணறுகள் கெட்டிருந்தன. கையைக் காக்கும் பொருளைப் பற்றி எழுதும்போது அந்தக் கிணறுகளை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நீலத்தோல் அடுத்து ஸ்பிளிட்டிங் மெஷினுக்குப் போகும். ஓயாமல் ஓடும் வார்க்கத்தி தோலின் தடிப்பை இரண்டாகச் சீவும். மயிர்த்துளை தெரியும் வழவழப்பான மேல்தோல் ஷூவுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் சொரசொரப்பாக மிஞ்சுவது அடித்தோல், அதாவது ஸ்பிளிட். பளபளப்பு இல்லாததால் விலை குறைவு. வெல்டிங் வேலைக்கு அழகு எதற்கு? தடித்து நார்நாராக நிற்கும் இந்தத் தோலில் தீப்பொறி விழுந்தால் அந்த இடம் கருகும்; சட்டென்று தீப்பற்றாது.

தொழிற்கையுறை தைப்பதில் கொல்கத்தாவுக்குப் பெரிய பெயர். எங்கே தைத்தாலும் கிளவுஸின் ஆயுளைத் தீர்மானிப்பது நூல். வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965இல் கண்டுபிடித்த கெவ்லார் இழை சூட்டில் உருகாது. பாலியெஸ்டர் நூல் சுமார் 250 டிகிரியில் உருகிவிடும். தோல் அப்படியே இருக்க, பெருவிரல் இடுக்கில் தையல் மட்டும் வாய் பிளக்கும். பொறி நுழைய அந்த இடைவெளி போதும். கடையில் தோலைத் தடவிப் பார்க்கிறவர்கள் உண்டு, நூலைப் பார்க்கிறவர்கள் அரிது. தொங்கும் நூல்முனையை வெட்டித் தீக்குச்சியில் காட்டுங்கள். சுருண்டு உருகி மணியாகத் திரண்டால் அந்த ஜோடி வேண்டாம். உள்துணியும் பருத்தியாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று, பதனிடுதலில் குறை இருந்தால் தோலிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறிச் சரும ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால்தான் உடலில் படும் தோல்பொருள்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தடுத்திருக்கிறது.

பயணம் முடிகிற இடங்களில் ஒன்று திருச்சி. பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் துவாக்குடிப் பக்கம் நிறைய. ஆர்க்கின் வெப்பம் ஏறக்குறைய 6000 டிகிரி. அதிலிருந்து தெறிக்கும் உலோகத் துளிகளை, அதாவது ஸ்பேட்டரை, தடித்த ஸ்பிளிட் கிளவுஸ் தாங்கும். டிக் வெல்டிங்குக்கு விரல் நுணுக்கமாக ஓட வேண்டும், அங்கே மெல்லிய ஆட்டுத்தோல் சரி. எதுவானாலும் மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக்கையை மூட வேண்டும். வேர்வையில் ஊறிய கிளவுஸோடு ராடு மாற்றுவது ஆபத்து. ஈரத்தோல் கரண்டைக் கடத்தும். மே மாதத்தில் உலர்ந்த ஒரு ஜோடி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது யூனிஃபார்மில். தோல் ஏப்ரனும் கிளவுஸும் கொடுத்துவிட்டு உள்ளே பாலியெஸ்டர் கலந்த சட்டை கொடுக்கிறார்கள், துவைக்கச் சுலபம் என்று. அது உருகினால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். கெட்டியான பருத்திக் காக்கி போதும். முழுக்கை, கழுத்துப் பட்டன் போட்டபடி, பாக்கெட்டுக்கு மூடி, கால்மடிப்பு இல்லாத பேண்ட் ஷூவுக்கு வெளியே விழுந்தபடி. மடிப்பிலும் திறந்த பாக்கெட்டிலும் பொறி தங்கிப் புகையும். வெயில் தாளாமல் கையை மடித்துவிடுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு மின்விசிறியும் இடைவேளையும் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ஆர்க்கின் புற ஊதாக் கதிர் மூடாத கையை விட்டுவைப்பதில்லை. அந்தக் கதிரையும் வெல்டிங் புகையையும் 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது.

கிளவுஸைச் சீக்கிரம் கொல்வது ஆர்க் அல்ல, அவசரம். பழுத்த இரும்பைக் குறடு எடுக்காமல் கையாலேயே தூக்கினால் உள்ளங்கைத் தோல் சுருங்கி விறைத்துவிடும், விரல் மடங்காது. எண்ணெய் ஊறினாலும் அதன் கதை முடிந்தது. அந்த இடத்தில் தீப்பிடிக்கும். அப்படிப் போன ஜோடியைப் பல பட்டறைகளில் ஹெல்ப்பர் பையனுக்குக் கொடுப்பார்கள். பீஸைப் பிடித்துக்கொண்டு ஆர்க்குக்கு ஒரு சாண் தள்ளி நிற்பவன் அவன்தான். புதிய ஜோடி முதலில் அவனுக்குச் சேர வேண்டும். ஓட்டை விழுந்த கிளவுஸைக் கத்தரிக்கோலால் விரல் விரலாக வெட்டிப் போட்டுவிட்டால் யாரும் மறுபடி எடுத்து மாட்ட மாட்டார்கள்.