சப்ரகமுவத் தோட்டங்களில் உடற் புனர்வாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைப் பெருந்தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதியோர் கூலி, குடியுரிமை, கல்வி ஆகியன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். உழைப்பைச் சுமந்த உடல், நோயாலோ விபத்தாலோ செயலிழந்த பின் என்னவாயிற்று என்னும் வினா அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. இன்று, உடலசைவால் இயங்கும் வீடியோ விளையாட்டுகளைக் கொண்டு நோயாளி தம் வீட்டிலேயே பயிற்சி பெறவும், இயன்மருத்துவர் தொலைவிலிருந்தே அதனைக் கண்காணிக்கவும் இயலும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இம்முறை இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிய, கருவியை நோக்குமுன் தோட்ட மருத்துவத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

தோட்ட மருத்துவம் தொழிலாளர் நலன் ஒன்றையே கருதிப் பிறந்ததன்று. கோப்பிக் காலத்து நோயும் மரணமும் ஆட்பற்றாக்குறையும் குடியேற்ற அரசை நெருக்கியபோதே 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1880இலும் 1912இலும் புதிய சட்டங்கள் அதனைத் தொடர்ந்தன. வாந்திபேதி, வயிற்றுளைவு, கொளுக்கிப்புழு என்பனவே அதன் முதற் கவலைகள். ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் நடைபெற்ற கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும், புழுவற்ற தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்னும் கணக்கையே துரைமாருக்கு எடுத்துக்காட்டிற்று.

அக்கணக்கின் அலகு ‘பேர்’ என்பதாகும். பிரட்டுக்களத்தில் நின்று மலைக்குச் சென்று, பறித்த கொழுந்தின் நிறையும் போதுமாயின் ஒரு பேர், குறையின் அரைப்பேர். பேர் போடக்கூடிய உடலை மீண்டும் மலைக்கு அனுப்புவதே மருந்துச்சாலையின் பணி. இறப்பர் மலையில் பால்வெட்டும் தொழிலாளி சரிவில் விழுந்து இடுப்பொடிந்தாலோ, கொழுந்தெடுக்கும் பெண் பாரிசவாதத்தில் வீழ்ந்தாலோ, அவர் செக்ரோலிலிருந்து நீங்குவார். அதன்பின் அவ்வுடல் குடும்பத்தின் பொறுப்பு. புனர்வாழ்வு என்னும் கருத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை.

இவ்வகையில் 1934ஆம் ஆண்டு கவனிக்கத்தக்கது. அவ்வாண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலில் நேரும் விபத்துக்கு முதலாளி ஈடு செய்யவேண்டும் என்னும் உரிமையை வழங்கியது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் அதன் அட்டவணை கை, கால், விரல், கண் ஆகியவற்றின் இழப்பை உழைப்புத்திறன் இழப்பின் நூற்றுவீதமாகவே கணித்தது. கைக்கு விலை வந்தது. கையின் இயக்கத்தை மீட்கும் கடமை எவர்மீதும் சுமத்தப்படவில்லை. தலைக்கயிற்றில் ஆண்டாண்டாகக் கூடை சுமந்து தேய்ந்த கழுத்தும் முதுகும் ‘விபத்து’ என்னும் சொல்லுக்குள் எளிதில் அடங்கவுமில்லை.

அதே ஆண்டின் இறுதியில் கேகாலைப் பகுதியைப் பெரும் மலேரியாக் கொள்ளைநோய் தாக்கியது. சூரியமல் இயக்கத்தினர் மருந்தும் உணவும் ஏந்திக் கிராமங்களுக்குச் சென்றனர். அப்பணியில் முன்னின்ற என். எம். பெரேராவை 1936இல் றுவான்வெல்லத் தொகுதி அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தது. நோயாளி மருத்துவத்தை நாடிச் செல்ல இயலாவிடத்து, மருத்துவம் நோயாளியை நாடிச் செல்லவேண்டும் என்னும் பாடத்தை இம்மாகாணம் அன்றே கற்றது எனலாம்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி துண்டு துண்டாகவே நடந்து வந்துள்ளது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளை ஏற்றது; 2016இல் இலங்கை அது தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்தது. எனினும் தெரணியகலையிலோ இறக்குவானையிலோ மலைமேல் லயத்தில் வாழ்பவர் இயன்மருத்துவரைக் காண நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கே இறங்கவேண்டியுள்ளது. செயலிழந்த கையை நரம்புகள் மீண்டும் ஆளப் பழகுவது, ஒரே அசைவை வாரத்துக்குப் பலமுறை, பல வாரங்கள் செய்வதனாலேயே. ஒவ்வொரு பயணமும் பஸ் கட்டணத்தோடு, துணைக்குச் செல்பவரின் ஒரு பேரையும் விழுங்குகிறது. ஆகவே இரண்டாம், மூன்றாம் முறையோடு பயிற்சி நின்றுவிடுவது வியப்பன்று.

தொலைநிலைப் பயிற்சியின் பொருத்தம் இங்கேயே தோன்றுகிறது. 2006இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘வீ’ என்னும் விளையாட்டுக் கருவி, கையிற் பிடித்த கோலின் அசைவை உணர்ந்தது. 2010இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ‘கினெக்ற்’, அகச்சிவப்புக் கதிரால் முழு உடலின் அசைவையும் கண்டது. பொழுதுபோக்குக்காகப் பிறந்த இவற்றை மருத்துவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பாரிசவாதமுற்ற 124 பேர் பங்குகொண்டனர். வீட்டில் விளையாட்டுகளோடு 36 அமர்வுகள் பயின்றோர், மருத்துவ நிலையத்தில் பயின்றோருக்குக் குறையாத கைத்திறனைப் பெற்றனர். அவற்றுட் பாதி அமர்வுகளில் இயன்மருத்துவர் காணொளியூடாக உடனிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கு முன் 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு மேலும் சிந்தனைக்குரியது. கனடா, ஆர்ஜென்டினா, பேரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 141 நோயாளர் இரு பிரிவினராயினர். ஒரு பிரிவினர் ‘வீ’யில் விளையாடினர், மற்றவர் சீட்டு, டொமினோ போன்ற சாதாரண விளையாட்டுகளை அதேயளவு நேரம் ஆடினர். கைத்திறன் மீட்சியில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே பயன் தருவது பொறியின் புதுமையன்று; நோயாளிக்குக் கிடைக்கும் பயிற்சி நேரமும் அதனை ஒழுங்காக நடத்தும் ஆளுமேயாகும். பல்லாங்குழியும் தாயமும் ஆடும் கைகளுக்கு இம்முடிவு நம்பிக்கை தருவது.

இக்கருவியை லயத்தில் வைத்துப் பார்ப்போம். பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ‘கினெக்ற்’ ஒருவரைச் சரிவரக் காண ஏறத்தாழ ஆறடி வெற்றிடம் தேவைப்பட்டது. அடுப்பும் கட்டிலும் பல பேரும் நிறைந்த அறையில் அவ்வெற்றிடம் எங்கே? 2017இல் அக்கருவியின் உற்பத்தியும் நின்றது. இன்று கைத்தொலைபேசியின் கமெராவே அசைவை ஓரளவு கணிக்கின்றது. ஆயின் மலைமடிப்பில் அலைவரிசை கிட்டவேண்டும். திரையும் இயன்மருத்துவரும் தமிழிற் பேசவேண்டும். முற்றிலும் தனித்து விடப்பட்டவர் விழுந்துவிடாது தாங்க ஒரு கை வேண்டும்.

ஆகவே கருவியை வேண்டாமென்பது நமது முடிவன்று. தோட்ட மருந்துச்சாலையிலோ பிள்ளைக்காம்பராவை அடுத்தோ ஒரு பொது அறை, அங்கு பயிற்றப்பட்ட தோட்டத்து இளைஞர் ஒருவர், மாவட்ட வைத்தியசாலையில் தமிழறிந்த இயன்மருத்துவர், இருவரையும் இணைக்கும் திரை என்பனவே ஒன்றுசேர வேண்டியவை. இவற்றுள் திரையே மலிவானது. அதனை மட்டும் வழங்கிவிட்டு ஏனையவற்றைக் கைவிடும் ஆபத்தும் அதனாலேயே உளது. பயிற்சிக்குச் செல்லும் நாளுக்கும் பேர் போடப்படவேண்டும் என்னும் கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் எழுப்புதல் அவசியம். செயலிழந்த உடலைச் செக்ரோலின் வெளியே தள்ளிய முறைமை ஒன்றரை நூற்றாண்டு பழையது. அவ்வுடலுக்கு நாட்டில் உரிய இடத்தை மீட்டளிப்பதே புனர்வாழ்வு என்னும் சொல்லின் முழுப் பொருளாகும்.