வரம்புக்குள் இருந்தும் நழுவும் மூட்டு

முழு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் மூட்டு நழுவினால், எக்ஸ்ரேயைப் பார்த்தவுடன் எழும் முதல் கேள்வி, இடுப்புக்கூட்டில் பொருத்திய செயற்கைக் கிண்ணம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதே. சாய்வு 30 முதல் 50 பாகை, முன்திருப்பம் 5 முதல் 25 பாகை என்ற வரம்புக்குள் இருந்துவிட்டால் அறுவை மருத்துவருக்கு நிம்மதி. பழி நோயாளி உட்கார்ந்த விதத்தின் மேல் விழுகிறது. அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பதே என் வாதம்.

இவ்வரம்பு லூயினெக் குழுவினரின் 1978ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்தது. அவர்களின் 300 மூட்டுகளில் நழுவியவை 9. வரம்புக்குள் நழுவல் 1.5 விழுக்காடு, வெளியே 6.1 விழுக்காடு. ஒன்பதே நிகழ்வுகளை நம்பிக் கிழித்த கோடு இது. 2016இல் மேயோ கிளினிக்கின் அப்தெல் குழுவினர் 9,784 மூட்டுகளை ஆராய்ந்தனர்; நழுவிய 206இல் 120, அதாவது 58 விழுக்காடு, வரம்புக்குள்ளேயே இருந்தன. இதைக் காட்டி வரம்பே பொய் என்போர் அவசரப்படுகிறார்கள். பெரும்பாலான கிண்ணங்கள் வரம்புக்குள் பொருத்தப்பட்டால் நழுவுபவற்றிலும் பெரும்பாலானவை அங்கிருந்துதானே வரும்? நழுவாத மூட்டுகளோடு ஒப்பிடாமல் கோணம் பயனற்றது என்று தீர்ப்பளிக்க இயலாது. ஆனால் கோணம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அந்த 120 போதும்.

கோணத்துக்கு அப்பால் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது, இடுப்புக்கூட்டின் அசைவு. படுத்திருப்பவரை எடுத்த எக்ஸ்ரே, அசையும் மூட்டைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். நிற்பவர் உட்காரும்போது இடுப்புக்கூடு ஏறத்தாழ 20 பாகை பின்னோக்கிச் சாய்கிறது. கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திறந்து, மடங்கும் தொடைக்கு வழிவிடுகிறது. கீழ்முதுகில் திருகாணி போட்டு எலும்புகளை இணைத்தவருக்கு இந்தச் சாய்வு பெரிதும் குறைகிறது. தொடை எலும்பின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடித்து நெம்ப, கிண்ணத்துக்குள் சுழலும் உருண்டைத் தலை பின்பக்கமாக வெளியேறுகிறது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: நம் நோயாளிகளிடம் ‘கீழே உட்காராதீர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புகிறோம். சம்மணமிடுவதும் குந்துவதும் மூட்டுக்கு ஒன்றல்ல. முன்னதில் தொடை வெளிப்பக்கம் சுழல்கிறது; பின்னதில் ஆழமாக மடங்குகிறது. பின்பக்க நழுவலுக்கு வழிகோலுவது ஆழமாக மடங்கி உட்பக்கம் சுழலும் தொடை.

இரண்டாவது, மென்திசு. மூட்டைப் பின்பக்கமாகத் திறக்கும் பின்வழி அறுவையில் வெட்டிய மூட்டு உறையையும் சிறு புறச்சுழற்றுத் தசைகளையும் எலும்போடு சேர்த்துத் தைப்பதன் பலனைப் பெல்லிச்சி குழுவினர் 1998இல் காட்டினர். ஒரு மருத்துவரின் நோயாளிகளிடம் நழுவல் 4 விழுக்காட்டிலிருந்து பூச்சியமாயிற்று, இன்னொருவரிடம் 6.2இலிருந்து 0.8 ஆயிற்று. முன்-பின் ஒப்பீடுதான், சமவாய்ப்புச் சோதனையல்ல. ஆயினும் சில நிமிடத் தையலுக்கு இவ்வளவு பலன் என்றால், அதைத் தவிர்ப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் தவிர்ப்பவரே.

பெரிய தலையும் உதவும். இவ்வறுவையின் முன்னோடியான சார்ன்லி 22 மில்லிமீட்டர்த் தலையைத் தேர்ந்தது உராய்வைக் குறைக்க. கிண்ணத்தின் உள்வரிக்குக் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் வந்தபின் 32, 36 மில்லிமீட்டர்த் தலைகளைத் தேய்மானத்துக்கு அவ்வளவாக அஞ்சாமல் பயன்படுத்த முடிகிறது. விறைத்த முதுகுள்ளவருக்கு, பூஸ்கே பிரான்சில் 1970களில் உருவாக்கிய இரட்டை அசைவுக் கிண்ணத்தையே (தலை உள்வரிக்குள்ளும், உள்வரி வெளிக்கிண்ணத்துக்குள்ளும் அசைவது) நான் முதலில் கருதுவேன்.

இன்று மருத்துவமனைகள் கிண்ணத்தைக் குறித்த கோணத்தில் துல்லியமாகப் பொருத்த ரோபோ வாங்குகின்றன. எந்தக் கோணம் இந்த நோயாளிக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்காத வரை அத்துல்லியம் சராசரி நோயாளிக்கே உரியது. முதுகில் அறுவை செய்துகொண்டவர்களுக்கேனும், நின்றும் உட்கார்ந்தும் எடுக்கும் இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ரோபோவுக்கு முன்பே கட்டாயமாக்கலாம். எக்ஸ்ரே அறை உள்ள எந்த மாவட்ட மருத்துவமனையிலும் அது முடியும்.